ஆதி நியூட்ரினோவைப் பிடிக்க எந்த வழி? கணக்குப் போட்டு ஓர் ஒப்பீடு

பெருவெடிப்புக்குப் பின் ஏறத்தாழ ஒரு வினாடி. வெப்பநிலை ஆயிரம் கோடி கெல்வின் அளவுக்கு இறங்கியதும் நியூட்ரினோக்கள் (மின்னூட்டமற்ற, மிகமிக லேசான, எதனோடும் அரிதாகவே மோதும் துகள்கள்) மற்றப் பொருள்களோடு மோதுவதை நிறுத்திக்கொண்டு தனிவழி போயின. பெருவெடிப்பின் எச்சமான அண்ட நுண்ணலைப் பின்னணி ஒளி விடுபட்டதோ 3,80,000 ஆண்டுகள் கழித்துத்தான். அந்த ஆதி நியூட்ரினோக்கள் இன்றும் நம்மைச் சுற்றி இருக்கின்றன. விரிவடைந்த அண்டத்தோடு சேர்ந்து குளிர்ந்து 1.95 கெல்வினுக்கு வந்துவிட்டன. ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் 336 உண்டு: மூன்று வகை, ஒவ்வொரு வகையிலும் நியூட்ரினோ 56, அதன் எதிர்த்துகளான எதிர்நியூட்ரினோ 56. அதே ஒரு கன சென்டிமீட்டரில் சூரியனிலிருந்து வந்துகொண்டிருக்கும் நியூட்ரினோக்களை எண்ணினால் இரண்டுதான் தேறும்.

ஆக, எண்ணிக்கைக்குப் பஞ்சமில்லை. இருந்தும் இன்றுவரை ஒன்றுகூட ஆய்வகத்தில் சிக்கவில்லை. பிடிப்பதற்கான வழிகள் என்று தாளில் எழுதப்பட்டவை நான்கைந்து இருக்கின்றன. இந்தத் துறையில் அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டு உழைப்பைப் போட நினைக்கும் ஒரு குழு எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் இங்கே கேள்வி. ஒவ்வொரு வழியிடமும் மூன்றைக் கேட்டுப் பார்க்கலாம். எண்கள் கூடி வருகின்றனவா? வெற்றி நம் கையில் இருக்கிறதா, இயற்கையின் கையில் இருக்கிறதா? பாதி வழியில் நின்றுபோனால் கையில் ஏதாவது மிஞ்சுமா? மூன்றாவது கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. இந்தத் துறையில் அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

ஏற்கெனவே இருக்கும் கருவிகள் ஏன் உதவாது

நியூட்ரினோவைப் பிடிக்கும் வழக்கமான வினைகள் அனைத்துக்கும் நுழைவுக் கட்டணம் உண்டு. புரோட்டானில் எதிர்நியூட்ரினோவைப் பிடிக்கக் குறைந்தது 1.8 மெகா எலக்ட்ரான் வோல்ட் வேண்டும் (எலக்ட்ரான் வோல்ட் என்பது துகள்களின் ஆற்றலையும் நிறையையும் சொல்லும் அலகு; மெகா என்றால் பத்து லட்சம்). குளோரினுக்கு 0.81 மெகா, காலியத்துக்கு 0.23 மெகா. ஆதி நியூட்ரினோவின் சராசரி உந்தத்தை ஆற்றல் அலகில் சொன்னால் 0.00053 எலக்ட்ரான் வோல்ட் (இனி எ.வோ.). அதன் நிறை 0.05 எ.வோ. என்று வைத்துக்கொண்டால் வேகம் ஒளியின் வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு, இயக்க ஆற்றலோ ஒரு எ.வோ.வின் பத்து லட்சத்தில் மூன்று பங்கு. காலியம் கேட்கும் கட்டணத்துக்கு இது பல்லாயிரம் கோடி மடங்கு குறைவு. கருவியை எத்தனை பெரிதாகக் கட்டினாலும் பயனில்லை. வாசலே திறக்காது.

ஆகவே வழிகள் இரண்டு வகைதான். நுழைவு ஆற்றல் தேவைப்படாத வினையைத் தேட வேண்டும். அல்லது நியூட்ரினோ தனியாக என்ன செய்கிறது என்பதை விட்டுவிட்டு, கூட்டமாக என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

அண்டவியல்: ஏற்கெனவே பாதி கிடைத்தது

கூட்டமாகச் செய்வதைப் பார்க்கும் வழிகளில் முதன்மையானது வானத்தையே கருவியாக எடுத்துக்கொள்வது. தொடக்க காலத்தில் நியூட்ரினோக்கள் அண்டத்தின் ஆற்றல் அடர்த்தியில் பெரும்பங்கு வகித்தன. அதனால் அண்டம் விரிந்த வேகத்தை அவை மாற்றின. நுண்ணலைப் பின்னணியில் அந்தத் தடம் பதிந்திருக்கிறது. எத்தனை வகை நியூட்ரினோவுக்கு ஈடான ஆற்றல் இருந்தது என்று அளந்து பிளாங்க் விண்கலக் குழு 2018-இல் தந்த விடை 2.99, பிழை கூட்டியோ குறைத்தோ 0.17. கோட்பாடு எதிர்பார்ப்பது 3.044. சுழியிலிருந்து பிழையளவைப் போல் பதினேழு மடங்கு தள்ளி நிற்கும் எண் இது. ஆதி அண்டத்தில் பரவிய ஒலி அலைகள் நுண்ணலைப் பின்னணியில் விட்ட முகடுகளின் இடத்தில் ஒரு சிறு நகர்வும் தெரிகிறது. மோதாமல் ஒளிவேகத்தில் பறக்கும் துகள்கள்தான் அப்படிப்பட்ட நகர்வை உண்டாக்கும்.

இதை 'கண்டுபிடிப்பு' என்று சொல்லலாமா? பாதிதான் சொல்லலாம். அளக்கப்பட்டது ஈர்ப்பு விளைவு. நிறை குறைந்த வேறொரு துகள் கூட்டமும் அதே ஈர்ப்பைக் காட்டும். மேலும் அது பழைய காலத்துச் செய்தி. அந்த நியூட்ரினோக்கள் இன்றும் இருக்கின்றன என்பதற்கு அதில் சாட்சி இல்லை. இன்றைய இருப்பை விண்மீன் திரள்களின் பரவலிலிருந்து படிக்க முடியும். நிறையுள்ள நியூட்ரினோக்கள் சிறிய அளவுகளில் பொருள் திரள்வதைச் சற்று மட்டுப்படுத்தும். அந்த விளைவு இன்னும் தெளிவாகத் தெரியவில்லை. மூன்று நிறைகளின் கூட்டுத்தொகை 0.12 எ.வோ.க்குக் கீழ் என்று பிளாங்க் தரவு சொன்னது. விண்மீன் திரள்களை வரைபடமாக்கும் டெசி அளவாய்வின் 2024 முடிவு அதை 0.072-க்குக் கீழே இறக்கியது. நியூட்ரினோ அலைவுச் சோதனைகளின்படி (ஒரு வகை நியூட்ரினோ இன்னொரு வகையாக மாறுவதை அளப்பவை) அந்தத் தொகை எப்படியும் 0.06-க்குக் குறையாது. ஆக, கயிறு இறுகிக்கொண்டே வருகிறது. நியூட்ரினோக்கள் வழியில் சிதைந்துபோயிருந்தால் வானத்துக் கணக்கு ஒன்று சொல்லும், ஆய்வகத்து எடைத் தராசு வேறொன்று சொல்லும்.

இந்த வழியின் பலம் வெளிப்படை: தோற்கும் வாய்ப்பே இல்லை. தரவு எப்படியும் வரும், அதிலிருந்து எல்லை எண்களாவது கிடைக்கும். ஆனால் துகளைத் தொட்டுப் பார்க்க இது விடாது. நியூட்ரினோவும் எதிர்நியூட்ரினோவும் ஒன்றா வேறா என்ற கேள்விக்கு வானம் பதில் சொல்லாது.

தள்ளுவிசை: அழகான யோசனை, கொடூரமான எண்கள்

ஆதி நியூட்ரினோவின் அலைநீளம் மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. சராசரி உந்தத்துக்குக் கணக்குப் போட்டால் 2.3 மி.மீ. அணுவைப் போல் கோடி மடங்கு பெரிய அலை. அதற்கு ஒரு சிறு உலோக மணியில் இருக்கும் 10²⁰ அணுக்களும் தனித்தனியாகத் தெரியாது. ஒரே பொருளாகத்தான் தெரியும். அப்போது சிதறல் வாய்ப்பு அணு எண்ணிக்கையின் வர்க்கத்தோடு ஏறும். பூமி இந்த நியூட்ரினோக் காற்றினூடே போகிறது. ஆகவே மணி மெல்லத் தள்ளப்பட வேண்டும். மெல்லிய இழையில் தொங்கி, சிறு தள்ளுதலுக்கும் திரும்பும் முறுக்குத் தராசில் அதை அளக்கலாம் என்பது யோசனை.

வர்க்கத்தோடு ஏறிய பிறகும் கிடைக்கும் முடுக்கம், வினாடி வர்க்கத்துக்கு 10⁻²⁷ சென்டிமீட்டர் அல்லது அதற்கும் கீழே. இன்றைய தலைசிறந்த முறுக்குத் தராசுகள் 10⁻¹³ அளவில் நிற்கின்றன. நடுவில் பதினான்கு சுழிகள். இது எவ்வளவு பெரிய இடைவெளி என்பதற்கு ஒரு கணக்கு: ஒரு கிலோமீட்டர் தள்ளி ஊரும் ஓர் எறும்பின் ஈர்ப்பு, தராசின் மணியை இதைவிடக் கோடி மடங்கு அதிகமாக இழுக்கும். எறும்பை அடக்கிவிட்டாலும் சூரிய நியூட்ரினோ இருக்கிறது, கரும்பொருள் இருக்கலாம், நிலத்தடி நீர்மட்டம் ஏறி இறங்கும்.

இங்கே ஒரு வரலாற்று எச்சரிக்கையும் உண்டு. 1970-களில், இந்தத் தள்ளுவிசை, வலுகுறை விசையின் (ஈர்ப்பைத் தவிர நியூட்ரினோ மற்றப் பொருளோடு உறவாடும் ஒரே விசை) மாறிலிக்கு நேர்விகிதத்திலேயே கிடைக்கும், வர்க்கத்தில் அல்ல, என்று கருதிய முன்மொழிவுகள் வந்தன. உண்மையாக இருந்திருந்தால் எண்கள் மிகப் பெரிதாகியிருக்கும். சீரான நியூட்ரினோக் கடலில் அந்த முதல்படி விசை சுழியாகிவிடும் என்று இயற்பியலாளர்கள் கபிப்போவும் மயானியும் 1982-இல் காட்டினார்கள். முதல்படியில் மிஞ்சுவது ஸ்டோடோல்ஸ்கி விளைவு மட்டும்: எலக்ட்ரானின் தற்சுழற்சி இரு திசைகளுக்கும் இடையே ஓர் ஆற்றல் வேறுபாடு. அதுவும் நியூட்ரினோவுக்கும் எதிர்நியூட்ரினோவுக்கும் எண்ணிக்கையில், அல்லது இரு சுழல்திசைகளுக்கும் இடையே, ஏற்றத்தாழ்வு இருந்தால்தான். மிகத் தாராளமாகக் கணக்கிட்டாலும் 10⁻³⁸ எ.வோ. சுற்றுவட்டாரம்தான்.

முறுக்குத் தராசு கட்டுவது வீண் என்று இதற்குப் பொருளில்லை. அதை வேறு காரணத்துக்காகக் கட்ட வேண்டும்: ஈர்ப்பின் சமன்மைக் கோட்பாட்டைச் சோதிக்க, புதிய விசைகளைத் தேட. ஆதி நியூட்ரினோவைக் காரணம் காட்டிக் கட்டினால் ஏமாற்றம் உறுதி.

வெளியிலிருந்து வரும் அம்பு

இசட் போசானை (வலுகுறை விசையைச் சுமக்கும் கனமான துகள்) உண்டாக்கும் அளவுக்கு ஆற்றல் மிக்க ஒரு நியூட்ரினோ வானவெளியில் வரும்போது ஆதி நியூட்ரினோவில் மோதினால், ஒத்திசைவில் குறுக்குவெட்டுப் பரப்பு (மோதும் வாய்ப்பின் அளவு) சட்டென்று உயரும். வரும் நியூட்ரினோ நிறமாலையில் அந்த ஆற்றலில் ஒரு பள்ளம் விழும். இயற்பியலாளர் வைலர் 1982-இல் சொன்னது இது. தேவையான ஆற்றல் இசட் நிறையின் வர்க்கத்தை நியூட்ரினோ நிறையின் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும்: 0.05 எ.வோ. நிறைக்கு 8×10²² எ.வோ.

இதுவரை பிடிபட்ட நியூட்ரினோக்களில் ஆற்றல் மிகுந்தது மத்தியதரைக் கடலடியில் கேஎம்3நெட் நியூட்ரினோத் தொலைநோக்கி 2023 பிப்ரவரியில் பதிவு செய்தது. சுமார் 2×10¹⁷ எ.வோ. இன்னும் ஐந்து படிகள் மேலே ஏற வேண்டும். அந்த உயரத்தில் நியூட்ரினோக்களை உமிழும் மூலம் ஏதேனும் இருக்கிறதா என்பதே தெரியாது. அன்டார்க்டிகா பனிக்கு மேல் நியூட்ரினோவைத் தேடிப் பறந்த அனிட்டா பலூன்கள் ஒன்றும் காணாமல் திரும்பியதால், அப்படிப்பட்ட பெரும் பாய்வைக் கருதிய மாதிரிகள் பல விழுந்துவிட்டன. பள்ளத்தைக் காட்ட வேண்டுமானால் பள்ளத்தைச் சுற்றி மேடு இருக்க வேண்டும். மேடே இல்லாத இடத்தில் எதைத் தேடுவது? இரண்டாம் கேள்வியிலேயே இந்த வழி விழுகிறது. வெற்றி முழுக்க இயற்கையின் கையில்.

துகள்முடுக்கியில் அயனிகளை ஓடவிட்டு, அவற்றின் பார்வையில் ஆதி நியூட்ரினோவின் ஆற்றலை உயர்த்தலாம் என்றும் ஒரு யோசனை உண்டு. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வக முடுக்கி வளையத்தில் ஓடும் காரீய அயனிக்கு 0.05 எ.வோ. நியூட்ரினோ சுமார் 150 எ.வோ. ஆகத் தெரியும். ஆயிரக்கணக்கான எ.வோ. கேட்கும் வினைகளுக்கு அது போதாது. வளையத்தில் இருக்கும் அயனிகளோ 10¹¹ அளவில். அடுத்து வரும் டிரிட்டியக் கணக்கில் அணுக்கள் 10²⁵. ஒத்திசைவில் குறுக்குவெட்டு எவ்வளவுதான் உயர்ந்தாலும் இந்த இடைவெளி இன்றைய முடுக்கிகளால் நிரம்பாது.

டிரிட்டியம்: எண்கள் கூடி வரும் ஒரே இடம்

தானாகவே சிதையும் அணுக்கருவுக்கு நுழைவுக் கட்டணம் தேவையில்லை. டிரிட்டியம் (ஒரு புரோட்டானும் இரு நியூட்ரானும் கொண்ட கதிரியக்க ஹைட்ரஜன்) எப்படியும் ஹீலியம்-3 ஆக மாறி எலக்ட்ரானை உமிழத்தான் போகிறது. அதற்குள் ஒரு நியூட்ரினோ வந்து நுழைந்தால் அதே மாற்றம் நியூட்ரினோவைப் பிடித்துக்கொண்டு நடக்கும். வருபவரின் இயக்க ஆற்றல் சுழியாக இருந்தாலும் பரவாயில்லை. இயற்பியலாளர் வெயின்பெர்க் 1962-இலேயே இதைச் சுட்டினார். நிறையுள்ள நியூட்ரினோவுக்கு ஏற்ப 2007-இல் கோக்கோ, மங்கானோ, மெசினா மூவரும் கணக்கை முழுமையாகப் போட்டார்கள்.

100 கிராம் டிரிட்டியத்தில் 2×10²⁵ அணுக்கள். பிடிப்புக் குறுக்குவெட்டு 3.8×10⁻⁴⁵ சதுர செ.மீ. (வேகத்தை ஒளிவேகத்தின் பங்காகப் பெருக்கிய பின்). இவ்விரண்டோடு ஒளிவேகத்தையும் ஒரு கன சென்டிமீட்டருக்கு 56 என்ற அடர்த்தியையும் பெருக்குங்கள். ஆண்டுக்கு 4 வரும். நியூட்ரினோவும் எதிர்நியூட்ரினோவும் வேறுவேறு (டிராக் வகை) என்றால் இந்த 4. இரண்டும் ஒன்றே (மயோரானா வகை) என்றால் 8. ஏனெனில் மெதுவாகப் போகும் நியூட்ரினோவில் வலச்சுழல் கொண்டவையும் பிடிபடும். நம் பால்வீதி ஈர்ப்பில் சேரும் கூடுதல், இந்த நிறைக்குப் பத்து இருபது விழுக்காடு. ஆண்டுக்கு நான்கு என்பது சிறிய எண்தான். ஆனால் பதினான்கு சுழி தள்ளி நிற்கும் எண் அல்ல. வலுகுறை விசையின் பலவீனம் இந்த வழியில் தடையே இல்லை. தடை வேறு இடத்தில் இருக்கிறது.

சாதாரண பீட்டாச் சிதைவில் எலக்ட்ரானின் ஆற்றல் 18.6 கிலோ எ.வோ. விளிம்பு வரை பரவியிருக்கும்; நியூட்ரினோவுக்கு நிறை இருப்பதால் விளிம்பிலிருந்து அந்த நிறையளவு கீழேயே நின்றுவிடும். பிடிபட்ட நியூட்ரினோ தரும் எலக்ட்ரானோ விளிம்புக்கு மேலே நிறையளவில் ஒரே இடத்தில் நிற்கும். இடையே இருமடங்கு நிறையளவு வெற்றிடம்: 0.05 எ.வோ. நிறைக்கு 0.1 எ.வோ. இந்த வெற்றிடத்தைப் பார்க்க முடிந்தால் வேலை முடிந்தது.

இப்போது இரைச்சலின் கணக்கு. 100 கிராம் டிரிட்டியம் வினாடிக்கு 3.6×10¹⁶ முறை சிதைகிறது. விளிம்புக்குக் கீழே கடைசி 1 எ.வோ.வில் விழுவது அதில் 2×10⁻¹³ பங்கு, கடைசி 0.1 எ.வோ.வில் ஆயிரத்தில் ஒன்றாக அது குறையும். அப்படியும் வினாடிக்கு ஏழு. ஆண்டுக்கு இருபது கோடிக்கு மேல். இவற்றுக்குப் பக்கத்தில் நான்கே நான்கு. கருவியின் ஆற்றல் பகுப்புத்திறன் (அது பிரித்தறியும் மிகச் சிறிய ஆற்றல் வேறுபாடு) நியூட்ரினோ நிறையின் பத்தில் ஏழு பங்குக்குள் இருந்தால்தான் சிதைவு நிறமாலையின் வால் இந்த நான்கையும் விழுங்காது. 0.05 எ.வோ. நிறைக்கு அது 35 மில்லி எ.வோ. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில் 10 மீட்டர் குறுக்களவுள்ள நிறமாலைமானியோடு இயங்கிய காட்ரின் சோதனையின் வடிகட்டி அகலம் வடிவமைப்பிலேயே 0.93 எ.வோ. நியூட்ரினோ நிறைக்கு 0.45 எ.வோ. உச்சவரம்பு என்று 2025-இல் வெளியான அதன் முடிவு அருமையானது. அதே கருவியின் தரவில் ஆதி நியூட்ரினோவைத் தேடி 2022-இல் வந்த வரம்பு: எதிர்பார்க்கும் அடர்த்தியைப் போல் 9.7×10¹⁰ மடங்குக்கு மேல் இல்லை. மூலத்தில் இருந்தது மைக்ரோகிராம் அளவு டிரிட்டியம் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை.

டிரிட்டியத்தை எதில் வைப்பது

குழு எடுக்க வேண்டிய உண்மையான முடிவு இங்கேதான். மூன்று தெரிவுகள்.

முதலாவது, காட்ரின் போல மூலக்கூறு வாயு. கையாளத் தெரிந்த பொருள், பல பத்தாண்டு அனுபவம். ஆனால் ஒரு டிரிட்டியம் சிதைந்ததும் மிச்சமுள்ள மூலக்கூறு அதிர்ந்தும் சுழன்றும் ஆற்றலை எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு எடுக்கும் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். அந்தச் சிதறலே சுமார் 0.4 எ.வோ. கருவி எத்தனை துல்லியமாக இருந்தாலும் இயற்கை போட்ட மங்கல் இது, துடைக்க முடியாது. அளவும் உதவாது: எலக்ட்ரான் மோதாமல் வெளியேற வாயுத்தூண் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5×10¹⁷ மூலக்கூறைத் தாண்டக்கூடாது. 100 கிராமை அப்படிப் பரப்ப 2,000 சதுர மீட்டர் வேண்டும். ஆதி நியூட்ரினோவுக்கு இந்தத் தெரிவைத் தள்ளிவிடலாம்.

இரண்டாவது, ஓரணு தடிமனுள்ள கார்பன் ஏடான கிராஃபீன் தாளில் டிரிட்டியத்தை ஒட்டவைப்பது. 2013-இல் முன்மொழியப்பட்டு, இத்தாலியின் கிரான் சாஸோ நிலத்தடி ஆய்வகத்தில் முன்மாதிரி அமைக்கும் டாலமி திட்டத்தின் அடிப்படை யோசனை இது. ஒரு சதுர சென்டிமீட்டர் கிராஃபீனில் 3.8×10¹⁵ கார்பன் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு டிரிட்டியம் ஏறினாலும் 100 கிராமுக்கு அரைச் சதுர கிலோமீட்டர் தாள் தேவை. அடுக்கி வைக்கலாம் என்பதால் அது பயமுறுத்தும் எண் அல்ல. பயமுறுத்துவது வேறு. அணுவைத் தாளில் கட்டிப்போட்டதும் அதன் இடம் 0.1 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) அளவுக்கு உறுதியாகிவிடுகிறது. நிச்சயமின்மைக் கோட்பாட்டின்படி உந்தம் அந்த அளவுக்கு உறுதியிழக்கும். எலக்ட்ரான் உதைத்து வெளியேறும்போது அந்த உந்தத் தடுமாற்றம் ஆற்றலில் ஏறிவிடும். 18.6 கிலோ எ.வோ. எலக்ட்ரானின் உந்தம் 139 கிலோ எ.வோ. அலகு, கணக்கு முடிவில் மங்கல் 0.5 எ.வோ. கணிப்பை 2021-இல் செய்பெஷ், செயானோவ், பொயார்ஸ்கி வெளியிட்டபோது திட்டத்தின் ஆணிவேரே ஆடியது. மூலக்கூறிலிருந்து தப்பி வந்து அதே குழியில் விழுந்தது போல.

தீர்வுகள் பேசப்படுகின்றன. அணுவுக்குச் சில ஆங்ஸ்ட்ராம் தாராளமாக அசைய இடம் கிடைத்தால் மங்கல் 15 மில்லி எ.வோ.க்கு இறங்கும். கார்பன் நானோகுழாய்க்குள் அச்சுத் திசையில் நழுவவிடலாம் என்பது ஒன்று. கனமான அணுக்கருக்களுக்கு மாறலாம் என்பது இன்னொன்று: தூலியம்-171, சமாரியம்-151. கனம் கூடினால் உதையின் மங்கல் குறையும், உண்மைதான். ஆனால் குறுக்குவெட்டு பத்து மடங்குகளுக்கும் மேலாகச் சரியும், ஓர் அணுவின் எடை ஐம்பது மடங்கு ஏறும். 100 கிராம் என்பது நூறு கிலோ கணக்காகும். தூலியத்தின் அரைவாழ்வோ 1.9 ஆண்டுதான். நமக்கு இதில் நம்பிக்கை குறைவு.

மூன்றாவது, தனி அணு வாயு. எதிலும் ஒட்டாமல் காந்தப் பொறியில் மிதக்கும் டிரிட்டிய அணு. மங்கல் வெப்ப அசைவால் மட்டுமே வரும்: 1 கெல்வினில் 24 மில்லி எ.வோ., 1 மில்லிகெல்வினில் 0.8 மில்லி எ.வோ. 100 மில்லிகெல்வினுக்குக் குளிர்வித்தாலே போதும். பகுப்புத்திறன் பிரச்சினை தீர்ந்தது. புராஜெக்ட் 8 குழு நியூட்ரினோ நிறையை அளக்க இந்தப் பாதையைத்தான் எடுத்திருக்கிறது.

இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று கலப்படம். அணுக்கள் சுவரைத் தொட்டால் சேர்ந்து மூலக்கூறாகிவிடும், 4.5 எ.வோ. வெளியாகும். மூலக்கூறு டிரிட்டியத்தின் விளிம்பு, அணு விளிம்பைவிடச் சுமார் 10 எ.வோ. மேலே இருக்கிறது. அதாவது மூலக்கூறின் நிறமாலை, நாம் காத்திருக்கும் வெற்றிடத்தின் மேலேயே படரும். அணுவோடு கலந்த மூலக்கூறு லட்சம் கோடியில் இரண்டு பங்குக்கு மேல் போனாலே அந்த 35 மில்லி எ.வோ. சன்னலில் இரைச்சல் நான்கைத் தாண்டிவிடும். மூலக்கூறு காந்தப் பொறியில் தங்காது, சுவரில் உறைந்துவிடும் என்பது ஆறுதல். சுவரிலிருந்து வரும் எலக்ட்ரானை இடம் பார்த்து ஒதுக்க வேண்டியது மீதி வேலை.

மற்றது அளவு. அதைப் புரிந்துகொள்ள எலக்ட்ரானை எப்படிப் படிக்கிறோம் என்று பார்க்க வேண்டும். 1 டெஸ்லா காந்தப்புலத்தில் சுழலும் 18.6 கிலோ எ.வோ. எலக்ட்ரான் 27 கிகாஹெர்ட்சில் சுமார் ஒரு ஃபெம்டோவாட் அலை உமிழும். அதிர்வெண்ணிலிருந்து ஆற்றலைப் படிக்கலாம். 50 மில்லி எ.வோ. துல்லியத்துக்கு அதிர்வெண்ணை 2.5 கிலோஹெர்ட்சுக்குள் பிரித்தறிய வேண்டும். அதாவது கோடியில் ஒரு பங்கு. காந்தப்புலமும் அதே அளவுக்குச் சீராக இருக்க வேண்டும். 2.5 கிலோஹெர்ட்ஸ் என்றால் எலக்ட்ரானைக் குறைந்தது 0.4 மில்லிவினாடி இடையூறின்றிக் கவனிக்க வேண்டும். அதற்குள் அது 30 கிலோமீட்டர் ஓடிவிடும். 30 கிலோமீட்டருக்கு எதிலும் மோதாமல் ஓட வாயு அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 10¹¹ அளவில் நிற்க வேண்டும். அந்த அடர்த்தியில் 100 கிராமை வைக்க 20 கோடி கன மீட்டர் பொறி வேண்டும்: பக்கத்துக்கு 585 மீட்டர் உள்ள கனசதுரம், முழுக்க மில்லிகெல்வின் அளவில், முழுக்கச் சீரான ஒரு டெஸ்லா புலத்தில்.

ஆக, கிராஃபீன் அளவைத் தருகிறது, கூர்மையைப் பறிக்கிறது. அணு வாயு கூர்மையைத் தருகிறது, அளவைப் பறிக்கிறது. இரண்டையும் ஒருசேரத் தரும் பொருள் இன்று இல்லை. ஆதி நியூட்ரினோத் தேடலின் தடை எது என்று ஒரே வரியில் கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

கிராஃபீன் பக்கம் போகிறவர்கள் இன்னும் சிலவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டும். டிரிட்டியம் கிராமுக்கு 0.32 வாட் வெப்பம் உமிழும்; 100 கிராமுக்கு 32 வாட். டாலமி இறுதியில் எலக்ட்ரானை வைத்து அளக்க நினைப்பது 100 மில்லிகெல்வின் சுற்றுவட்டாரத்தில் இயங்கும் மீக்கடத்தி நுண்வெப்பமானி. அங்கே குளிர்விப்பான்கள் தாங்குவது மில்லிவாட் கணக்கு. ஆகவே வினாடிக்கு 10¹⁶ எலக்ட்ரான்களில் சிலவற்றைத் தவிர எல்லாவற்றையும் வழியிலேயே வடிகட்டியாக வேண்டும். குறுக்குப் புலங்களில் எலக்ட்ரானை நகர்த்தி, ஆற்றலைப் படிப்படியாகப் பிடுங்கி, சில எ.வோ. மிச்சத்தோடு வெப்பமானியில் இறக்குவது அவர்கள் வழி. அடுத்தது ஹீலியம். ஆண்டுக்கு 5.5 விழுக்காடு டிரிட்டியம் ஹீலியமாகிப் பறந்துவிடும், தாளில் வெற்றிடங்கள் விழும். 100 கிராம் என்பதே சிறிய கேட்பல்ல: உலகின் குடிசார் இருப்பு சில பத்துக் கிலோதான்.

நிறை வரிசை எல்லாவற்றையும் மாற்றும்

மேலே சொன்ன ஆண்டுக்கு நான்கு என்ற எண்ணில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. டிரிட்டியம் பிடிப்பது எலக்ட்ரான் வகை நியூட்ரினோவை. எலக்ட்ரான் வகையில் மூன்று நிறைநிலைகளும் கலந்திருக்கின்றன: முதலாவது 68 விழுக்காடு, இரண்டாவது 30, மூன்றாவது வெறும் 2.2. தலைகீழ் நிறை வரிசையில் (மூன்றாவதே மிக லேசானது) முதல் இரண்டும் 0.05 எ.வோ. அருகே இருக்கும், நான்கு நிகழ்வுகளும் ஏறத்தாழ முழுவதுமாக வெற்றிடத்தின் அப்பால் நிற்கும். இயல்பான வரிசை (மூன்றாவதே மிகக் கனமானது) என்றால் 0.05-இல் இருப்பது மூன்றாவது மட்டும். நான்கில் 2.2 விழுக்காடு, அதாவது பதினோரு ஆண்டுக்கு ஒரு நிகழ்வு. மீதி, 0.0086 எ.வோ.விலும் அதற்குக் கீழும் குவிந்துகிடக்கும். அவற்றைப் பிரித்தெடுக்கச் சுமார் 6 மில்லி எ.வோ. பகுப்புத்திறன் வேண்டும். டெசி தரவு இயல்பான வரிசையின் பக்கம்தான் சாய்கிறது.

சீனாவின் ஜூனோ நியூட்ரினோ உணர்கலன் 2025 ஆகஸ்டில் தரவு எடுக்கத் தொடங்கியது. வரிசையைத் தீர்மானிப்பது அதன் முதன்மை இலக்கு. ஆகவே இன்று 100 கிராம் கருவிக்கு வரைபடம் போடுவது அவசரம். வரிசை இயல்பானது என்று உறுதியானால் அந்த வரைபடத்தைக் கிழித்துப் போட வேண்டியிருக்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

கணக்கு எழுதிப் பழகிய சிறு குழுவுக்கு அண்டவியல் போதும். தரவு பொதுவில் கிடைக்கிறது. கருவி கட்டும் குழுவுக்கு டிரிட்டியத்தைத் தவிர வேறு வழி சொல்ல முடியாது. அதற்குள் நம் தேர்வு அணு டிரிட்டியம். கிராஃபீனைவிட அது ஆதி நியூட்ரினோவுக்கு அருகில் இருக்கிறது என்பதால் அல்ல. இருபது கோடி கன மீட்டரை யாரும் கட்டப் போவதில்லை. பாதியில் நின்றாலும் அது நியூட்ரினோ நிறையை 40 மில்லி எ.வோ. வரை எடை போடும் கருவியாக நிற்கும் என்பதால். அதற்கு 100 கிராம் தேவையில்லை. கிராஃபீன் பாதையில் பாதியில் நின்றால் மிஞ்சுவது, மங்கல் ஏன் போகவில்லை என்ற அறிக்கை. நானோகுழாய் போன்ற பொருளாய்வு வேண்டாம் என்பதல்ல: அதற்கு மில்லிகிராம் டிரிட்டியமும் ஒரு மேசை அளவு நிறமாலைமானியும் போதும், பெருங்கருவிக்கு முன்பே முடித்துவிடலாம்.

எந்தப் பாதையிலும் முதலில் வாங்க வேண்டிய பொருள் ஒன்றுண்டு. கருவியின் பகுப்புத்திறனைச் சோதிக்க எல்லோரும் கையிலெடுப்பது கிரிப்டான்-83எம் என்ற கதிரியக்க வாயு; 17.8 கிலோ எ.வோ.வில் அது தரும் எலக்ட்ரான் கோடு விளிம்புக்கு அருகில் இருப்பதால் வசதி. ஆனால் அந்தக் கோட்டின் இயற்கை அகலமே 2.8 எ.வோ. புராஜெக்ட் 8 கருவி காட்டிய 1.66 எ.வோ. பகுப்புத்திறனை அதை வைத்துச் சொல்ல முடிந்தது. 35 மில்லி எ.வோ.வை அதை வைத்து நிரூபிக்க முடியாது. முழ அளவுகோலால் மயிரிழையை அளப்பது மாதிரி. ஒளியால் எலக்ட்ரானை உதிர்க்கும் துப்பாக்கி ஒன்றை, சில மில்லி எ.வோ. அகலத்தில், 18.6 கிலோவோல்ட்டில் இயக்கியாக வேண்டும். அதன் மின்னழுத்தம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலே கோடு 18.6 மில்லி எ.வோ. இடம் மாறிவிடும். ஆண்டுக்கணக்கில் 5 மில்லிவோல்ட்டுக்குள் நிற்கும் மின்வழங்கியும் அதைச் சரிபார்க்கும் மின்னழுத்தப் பகுப்பானும் தயாராகும்வரை டிரிட்டியத்துக்கு விண்ணப்பம் போடத் தேவையில்லை.